தத்துப் போனவளைத் தேடி வந்த சேதி

பாவ்ஜுவைத் தேடி அந்த அம்மாள் வந்தபோது, அவளும் சிப்பி உடைக்கிறவள்தான் என்று நினைத்தோம். விரல்களிலெல்லாம் பிளாஸ்திரி சுற்றியிருந்தது. எங்கள் கடற்கரை ஊரான டோங்ஷியில் விரலில் பிளாஸ்திரி இல்லாத பெண்ணைப் பார்ப்பது கஷ்டம். கத்தி ஓட்டின் இடுக்கில் இறங்காமல் வழுக்கினால் நேராகக் கைக்குத்தான் வரும். ஆனால் அவள் நாங்கள் சிப்பி உடைக்கும் கொட்டகையின் வாசலிலேயே நின்று, ஓட்டுக் குவியலின் வாடை தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டாள். கடற்கரைக்காரி இல்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது.

"இங்க வெங் பாவ்ஜுன்னு ஒருத்தங்க..." என்று இழுத்தாள்.

"அதோ, பூப்போட்ட தொப்பி" என்றேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கொட்டகையில் இருந்த அத்தனை பேரும் பூப்போட்ட தொப்பிதான் போட்டிருந்தோம்.

பாவ்ஜு கத்தியை உயர்த்திக் காட்டினாள். "நான்தான். சிப்பி வேணும்னா முதலாளிகிட்ட கேளுங்க. எங்ககிட்ட வாய்தான் இருக்கு."

அவளுக்குப் பக்கத்து முக்காலி என்னுடையது. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அவள் அருகில் உட்கார்ந்துதான் சிப்பி உடைக்கிறேன். என்னைவிடச் சில வயது மூத்தவள், அதனால் அக்கா என்று கூப்பிடுவேன். அப்போது அவளுக்கு ஐம்பத்தேழு வயது. குரல் கரகரவென்று ஓங்கி இருக்கும். கோயில் திருவிழாவில் மைக்கைப் பிடித்தால் பூசாரியே வந்து பிடுங்கினாலொழிய விடமாட்டாள். சிகரெட்டைக் கையால் தொட்டதில்லை. புகைப்பதெல்லாம் அவள் கணவர் தியன்ஃபூ. சிப்பி வளர்க்கும் தெப்பங்களுக்குப் படகில் போகும்போதும் வரும்போதும் அவர் வாயில் ஒன்று எரிந்துகொண்டே இருக்கும்.

வந்தவள் சொன்னாள்: "நான் மெய்ஷான் மலையிலருந்து வர்றேன். என் பேரு யின்ஹுவா. நான்... உன் மூத்த அக்கா."

கத்திகள் நின்றுவிட்டன. பாவ்ஜு தத்துப் பிள்ளை என்பது எங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான். அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு இப்படி ஒரு பெண் போயிருப்பாள், வந்திருப்பாள். நான்காவதும் பெண்ணாகப் பிறந்ததால் மலைக்காரர்கள் கொடுத்துவிட்டார்கள். பிள்ளையில்லாத வெங் தம்பதி பஸ்ஸில் போய்த் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதோடு முடிந்தது. அதன்பிறகு மலையிலிருந்து ஒருவரும் இறங்கி வரவில்லை.

பாவ்ஜு அடுத்த சிப்பியை எடுத்தாள். "எனக்கு அக்கா கிடையாது. நான் எங்க வீட்டுக்கு ஒத்தப் பிள்ள."

"தெரியும். ஆனா கொஞ்சம் உக்காரலாமா? ரொம்ப நேரம் நிக்க முடியல."

நான் ஒரு முக்காலியை நகர்த்திப் போட்டேன். பாவ்ஜு என்னை முறைத்தாள். யின்ஹுவா உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். முகமெல்லாம் பருக்கள் சிவந்திருந்தன, பதின்வயதுப் பெண்ணுக்கு வருவதைப் போல. பிளாஸ்திரிக்குக் கீழே நகக்கண்கள் வீங்கியிருந்தன. அவள் சாப்பிடும் புற்றுநோய் மாத்திரையின் பக்கவிளைவு அது என்று பிறகுதான் தெரிந்தது.

"நம்ம அம்மா நுரையீரல் புத்துநோய்ல போனாங்க" என்று தொடங்கினாள். "அவங்க சிகரெட்டு பிடிச்சதில்ல. அடுப்புப் புகைன்னு எல்லாரும் சொன்னாங்க, நாங்களும் நம்பிட்டோம். அப்புறம் எனக்கு அடுத்தவ போனா. அவ தபால் ஆபீஸ்ல வேலை பாத்தவ, அடுப்புப் பக்கமே போகமாட்டா, மூணு வேளையும் கடைச் சாப்பாடு. அப்பத்தான் என்னடா இதுன்னு ஆச்சு. இப்ப எனக்கு வந்திருக்கு. மூணாவதுக்குச் சோதிச்சுப் பாத்துட்டாங்க, அவளுக்கு ஒண்ணுமில்ல."

பாவ்ஜு எடுத்த சிப்பியைத் திறக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"தைச்சுங் ஆஸ்பத்திரி டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பாத்துட்டு, இது பரம்பரையா வர்றதுன்னு சொன்னாங்க. உடம்பு எப்படி உருவாகணும்னு எழுதியிருக்கற குறிப்புல ஒரு சின்ன எழுத்து மாறியிருக்காம், அம்மா வழியில. கூடப் பிறந்தவங்க இன்னும் யாராச்சும் இருக்காங்களான்னு கேட்டாங்க. தம்பி ஒருத்தன், வேற யாரும் இல்லேன்னுட்டேன். வாசல் வரைக்கும் வந்துட்டேன், பாவ்ஜு. கால் நகரல. திரும்பிப் போய்ச் சொன்னேன், ஒருத்தி இருக்கா, கடற்கரையிலன்னு."

"ஓ" என்றாள் பாவ்ஜு. அவள் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதில்லை. "எனக்குப் பால் குடுக்கல. சோறு போடல. என் கல்யாணத்துக்கு ஒருத்தரும் வந்து நிக்கல. எங்கம்மா செத்தப்ப, நான் சொல்றது என்னை வளத்த அம்மா, அப்பவும் ஒருத்தரும் எட்டிப் பாக்கல. இதக் குடுக்கிறதுக்கு மட்டும் வழி தெரிஞ்சு வந்துட்டீங்களாக்கும்?"

யின்ஹுவா தலையாட்டினாள். "ஆமா. உனக்கு நாங்க குடுத்தது இது ஒண்ணாத்தான் இருக்கும். குடுக்காமலும் இருந்திருக்கலாம். பாதிக்குப் பாதிங்கறாங்க. அதச் சொல்லாம செத்தா எனக்கு நல்லாருக்காது."

அவள் எழுந்து போனபோது பாவ்ஜு வழியனுப்பவில்லை. சாலையோரத்தில் சின்ன லாரி ஒன்று நின்றது. ஓட்டும் இடத்தில் இருந்த ஆள் இறங்கவே இல்லை, ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தான். அவன்தான் தம்பி மிங்தே. பாவ்ஜுவைக் கொடுத்த மறு வருஷம் பிறந்தவன். மலைவீடு காத்துக்கொண்டிருந்தது அவனுக்காகத்தான்.

அன்றிலிருந்து பாவ்ஜுவுக்கு வேலை ஓடவில்லை. முன்பெல்லாம் அவள் கை சிப்பியைப் பார்க்காமலேயே திறக்கும். இப்போது பாதியில் நிறுத்திவிட்டு மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வாள். உள்ளே ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று கவனிக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

"லுவான், எனக்கு இருமல் இருக்கா?" என்று கேட்பாள்.

"உனக்கு எப்பவும் கரகரப்புதானே அக்கா."

"அதத்தான் கேக்கறேன். எப்பவும்னா எப்பலருந்து?"

இதற்கு நான் என்ன சொல்வேன். அவளுக்கு நன்றாகத் தெரியும் என்று நினைத்திருந்த உடம்பு திடீரென்று வேற்றாள் உடம்பாகிவிட்டது. முன்பு கண்ணாடியில் பார்க்கும்போது வளர்த்த அம்மாவின் ஜாடை தனக்கு வந்துவிட்டதாகப் பெருமையடிப்பாள், கூடவே இருந்தால் ஜாடை ஒட்டிக்கொள்ளும் என்பாள். இப்போது கன்னத்தைத் தடவித் தடவி யின்ஹுவாவின் எலும்பைத் தேடினாள்.

வீட்டில் தியன்ஃபூ வழக்கம்போல் பேச்சை மாற்றப் பார்த்தார். "நாப்பது வருஷமா ஊதறவன் நான், இருமறது நீயா? ஊரே சிரிக்கும்." பாவ்ஜு சிரிக்கவில்லை. அவர் கையிலிருந்த சிகரெட்டை நசுக்கி அணைத்தார். அப்புறம் புகைக்க வேண்டுமானால் படகுத்துறைக்குப் போய்விடுவார். மழை பெய்தால் அங்கே குடையோடு நிற்பார். வீட்டுக்குள் ஊதாதே என்று மகள் எத்தனையோ வருஷம் கெஞ்சியும் நடக்காதது அது.

பாவ்ஜு ஒருநாள் என்னைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனாள். சோதித்துப் பார்க்கட்டுமா, வேண்டாமா என்று கேட்டு, பிறை வடிவக் கட்டைகள் இரண்டையும் தரையில் போட்டாள். இரண்டும் மல்லாந்து விழுந்தன. அப்படி விழுந்தால் சாமி சிரிக்கிறார், பதில் சொல்லவில்லை என்று அர்த்தம். மறுபடியும் போட்டாள், மறுபடியும் சிரிப்பு. மூன்றாவது தடவையும் அப்படியே.

"இதுல சிரிக்க என்னய்யா இருக்கு?" என்று சாமியிடமே சண்டைக்குப் போனாள்.

போக முடிவு செய்தது சாமியால் இல்லை. காவ்சியுங் நகரத்தில் மெட்ரோ ரயில் வேலையில் இருக்கும் மகள் பெய்ஷான் வழக்கம்போல் போனில் பேசினாள். பேச்சின் நடுவே இருமினாள். சளிதான். அவளுடைய குழந்தை பாலர் பள்ளியிலிருந்து கொண்டுவந்தது. ஆனால் போனை வைத்தபின் பாவ்ஜு நேராக என் வீட்டுக்கு வந்தாள். நான் சமையலறையில் இருந்தேன். ஈர விறகு மாதிரி அவள் முகம் கறுத்துப் போயிருந்தது.

"எனக்குன்னா விட்டுருவேன், லுவான். வர்றது வரட்டும்னு இருப்பேன். ஆனா அங்கருந்து எங்கிட்ட வந்தது, எங்கிட்டருந்து அவகிட்டப் போயிருந்தா? அந்தக் குட்டிகிட்டயும் போயிருந்தா?"

"போனதும் தெரியாது, போகாததும் தெரியாது. முதல்ல உனக்கு இருக்கான்னு பாரு."

"நீயும் வர்றியா?"

"நான் வராம?"

தைச்சுங்குக்கு எங்களைக் கூட்டிப்போனது மிங்தேதான். யின்ஹுவா சொல்லி அனுப்பியிருந்தாள். வழி முழுக்க அவன் பேசவில்லை. பாவ்ஜுவும் ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள். நான்தான் நடுவில் உட்கார்ந்துகொண்டு மூங்கில் குருத்து விளைச்சல், சிப்பி விளைச்சல் என்று வாய்க்கு வந்ததைப் பேசினேன். ஆஸ்பத்திரியில் அவனும் ரத்தம் கொடுத்தான். அதுவரை அவன் சோதித்துக்கொள்ளவில்லை, பயந்து தள்ளிப்போட்டிருந்தான்.

டாக்டர் சின்ன வயசுக்காரி, பொறுமையாகப் பேசினாள். "இங்க நிறையப் பெண்களுக்குப் புகைபிடிக்காமலே நுரையீரல் புற்றுநோய் வருதும்மா. பல காரணம் இருக்கு. காத்துல தூசி, சமையல் எண்ணெய்ப் புகை, பக்கத்துல இருக்கறவங்க விடற சிகரெட்டுப் புகை. இது எல்லாத்தோடயும் பிறவியில வர்றதும் ஒண்ணு. பெரும்பாலான குடும்பத்துல சின்னச் சின்ன மாற்றங்கள் நிறையச் சேந்து ஆபத்தக் கொஞ்சம் கூட்டும், அவ்வளவுதான். உங்க குடும்பத்துல இருக்கறது அபூர்வம். ஒரே மாற்றம், ஆனா பலமா வேலை செய்யுது. அது இருந்தா வந்தே தீரும்னு இல்ல. இல்லேன்னா வரவே வராதுன்னும் இல்ல. இருந்தா நாம முன்கூட்டியே கண் வச்சுக் காத்திருக்கணும்."

லாரியில் இடமில்லாமல் பஸ்ஸில் வந்து சேர்ந்து, அதுவரை சுவரோரமாக நின்றிருந்த தியன்ஃபூ குரல் கொடுத்தார். "டாக்டரம்மா, நாப்பது வருஷம் ஊதியும் எனக்கு ஏன் வரல?"

"இன்னும் வரலைன்னு சொல்லுங்க ஐயா."

அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

முடிவு வரச் சில வாரங்கள் ஆயின. அந்த வாரங்களில் பாவ்ஜு செய்ததெல்லாம் துடைப்பதுதான். அடுப்பு, அடுப்புக்கு மேலிருக்கும் புகைபோக்கி, அதன் உள்பக்கம், ஜன்னல் கம்பி எல்லாவற்றையும் துடைத்தாள். எண்ணெயில் பொரிப்பதை நிறுத்தினாள், எல்லாவற்றையும் ஆவியில் வேகவைத்தாள். சப்பென்ற சாப்பாட்டைத் தியன்ஃபூ வாய் திறக்காமல் சாப்பிட்டார். மகள் போன் செய்தால் பாவ்ஜு தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு பேசினாள், தன் குரலில் ஏதாவது தெரிந்துவிடுமோ என்று.

முடிவு கேட்கப் போனபோதும் அதே லாரி, அதே மௌனம். பாவ்ஜுவை முதலில் கூப்பிட்டார்கள். அவளிடம் அது இருந்தது. டாக்டர் சொன்னதும் அவள் அழவில்லை. "சரி" என்றாள், கடையில் இருப்பு இல்லை என்று சொன்னால் சொல்வோமே, அந்த மாதிரி. அடுத்து மிங்தே போனான். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து, நடைவழியின் கோடியில் போய், சுவரைப் பார்த்து நின்றான். தோள் குலுங்கியது.

பாவ்ஜு எழுந்து போனாள். நானும் பின்னால் போனேன்.

"உனக்கும் இருக்கா?" என்று கேட்டாள். அவனிடம் அவள் பேசிய முதல் பேச்சு.

அவன் இல்லையென்று தலையாட்டினான். "எனக்கு இல்ல. எனக்கு இல்லக்கா. என்னை வச்சுக்கணும்னு உன்னை அனுப்பினாங்க. நிலம் எனக்கு, வீடு எனக்கு. இதுலயும் நான் தப்பிச்சிட்டேன். உனக்குப் போய்..."

ஐம்பத்தாறு வயது ஆள், சுருட்டிய தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். போகிறவர் வருகிறவரெல்லாம் அவனுக்குத்தான் நோய் என்று நினைத்து இரக்கமாகப் பார்த்தார்கள்.

"ஏய், மூக்கச் சிந்து" என்றாள் பாவ்ஜு. "நீயா பாத்துப் பங்கு போட்ட? அழுதுகிட்டே வண்டி ஓட்டினா புத்துநோய் வர்றதுக்கு முன்னாடியே எல்லாரும் போயிடுவோம். வா, பசிக்குது."

அன்று திரும்பும் வழியில் சியாயி நகரத்தில் நிறுத்தி வான்கோழிச் சோறு சாப்பிட்டோம். பாவ்ஜு தன் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டாள். மிங்தேவைச் சாப்பிட வைத்தாள்.

அடுத்தது ஸ்கேன். அதில் வலது நுரையீரலின் மேல் பகுதியில் ஒரு புள்ளி தெரிந்தது. கட்டி என்று சொல்ல முடியாது, பனி படிந்த கண்ணாடியில் விரலால் தொட்ட மாதிரி மங்கலாக ஒன்று. டாக்டர் திரையில் காட்டினாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பாவ்ஜுவுக்கு மட்டும் உடனே தெரிந்தது.

"வெட்டி எடுத்துருங்க" என்றாள்.

"இவ்வளவு சின்னதா இருந்தா உடனே தொடமாட்டோம்மா. பல பேருக்கு இந்த மாதிரி புள்ளி தானாவே மறைஞ்சு போகும், இல்ல அப்படியே கிடக்கும். ஆறு மாசம் கழிச்சு மறுபடி பாப்போம். வளந்திருந்தா எடுத்துடலாம்."

"ஆறு மாசமா! அதுவரைக்கும் நான் என்ன பண்ணட்டும்?"

"எப்பவும் என்ன பண்ணுவீங்களோ அதையே பண்ணுங்க."

எப்பவும் பண்ணுவதைப் பண்ணுவது அவ்வளவு லேசா? அந்த ஆறு மாதத்துக்குள்தான் கொரோனா வந்தது. ஊரெல்லாம் முகக்கவசம். யார் இருமினாலும் அத்தனை தலைகளும் திரும்பின. பாவ்ஜு தொண்டையைச் செருமக்கூடப் பயந்தாள். முகக்கவசத்துக்குள் அடக்கி அடக்கிக் கண்ணில் தண்ணீர் வரும். கொட்டகையில் புதிதாகச் சேர்ந்த ஒருத்தி முக்காலியைத் தள்ளிப் போட்டாள். "ஒட்டிக்கற வியாதி இல்லடி அது. ஒட்டணும்னா என் வயித்துல பொறந்திருக்கணும்" என்று பாவ்ஜு சொன்னாள். சொல்லிவிட்டுத் தன் வாயைத் தானே அடித்துக்கொண்டாள். பெய்ஷானுக்கு அதுவரை எதையும் சொல்லியிருக்கவில்லை.

அந்த நாட்களில் அவளுக்குத் துணையாக இருந்தது யாரென்றால் யின்ஹுவாதான். இதை நான் எதிர்பார்க்கவில்லை. முதலில் யின்ஹுவா போன் செய்வாள், பாவ்ஜு ரெண்டு வார்த்தையில் வைத்துவிடுவாள். பிறகு பாவ்ஜுவே கூப்பிட ஆரம்பித்தாள். காலையில் சிப்பி மூட்டை வந்து இறங்கும் முன்பே பேச்சு தொடங்கிவிடும். போனை ஸ்பீக்கரில் போட்டு முக்காலிக்குக் கீழே வைத்துக்கொள்வாள், அதனால் எனக்கும் எல்லாம் கேட்கும்.

"ராத்திரி தூங்கினியா?"

"எங்க தூங்க? நெஞ்சுக்குள்ள யாரோ உக்காந்திருக்கற மாதிரியே இருக்கு."

"அந்தப் புள்ளி ஒரு பச்சைப் பயறு அளவுகூட இல்லேன்னு சொன்னாங்கல்ல. பயறு எப்படி உக்காரும்? பயந்தாங்கொள்ளி."

"நீ பயப்படலயா?"

"எனக்கு பயப்படற வயசெல்லாம் போயிடுச்சு. மாத்திரை கேக்குது, இன்னிக்கு அரிசிக் கஞ்சி குடிச்சேன். நீ கஞ்சி குடிச்சியா? முதல்ல அதச் சொல்லு."

ஒருநாள் பாவ்ஜு கேட்டாள்: "அம்மா என்னைப் பத்தி ஏதாவது பேசுவாங்களா?"

"பேசமாட்டாங்க. கடல்மீன் யாராவது கொண்டுவந்தா மட்டும் சாப்பிடமாட்டாங்க. ஏன்னு கேட்டா, முள்ளு குத்தும்பாங்க."

பாவ்ஜு போனை எடுத்து ஸ்பீக்கரை அணைத்தாள். வெளியே ஓட்டுக் குவியலுக்குப் பின்னால் போய்ப் பேசிவிட்டு வந்தாள். என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை.

ஆறு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் புள்ளி வளர்ந்திருந்தது. கொஞ்சம்தான். ஆனால் நடுவில் கெட்டியாகத் தொடங்கியிருந்தது. டாக்டர் இந்த முறை காத்திருக்கச் சொல்லவில்லை. ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். இனிமேல் மறைக்க முடியாது என்று பெய்ஷானை வரச் சொன்னோம்.

அவள் கையில் குழந்தையோடு வந்து, எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டாள்.

"இத்தன மாசமா எங்கிட்ட டிவி சீரியல் கதை பேசிட்டிருந்திருக்க. ஊர்ல சிப்பி உடைக்கற எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. எனக்குத் தெரியாது!"

"உனக்குத் தெரிஞ்சா பயப்படுவன்னு..."

"பயந்தா பயந்துட்டுப் போறேன். அது என் பயம்மா. அதையும் நீயே வச்சுக்குவியா?"

பெய்ஷான் குழந்தையைத் தியன்ஃபூவிடம் கொடுத்துவிட்டு, அம்மாவின் துணிகளைப் பையில் அடுக்கத் தொடங்கினாள். சோதனை செய்துகொள்கிறாயா என்று அவளை ஒருவரும் கேட்கவில்லை. அவளாகவே திரும்பிச் சொன்னாள்: "இப்ப என்னால முடியாது. கேக்காதீங்க."

ஆபரேஷன் அன்று கொரோனா கட்டுப்பாட்டால் ஆஸ்பத்திரிக்குள் ஒருவருக்கு மேல் விடவில்லை. பெய்ஷான் உள்ளே இருந்தாள். தியன்ஃபூ, மிங்தே, நான் மூவரும் எதிர்ப்புறத் தேநீர்க் கடையில் காத்திருந்தோம். தியன்ஃபூ சிகரெட் பெட்டியை மேஜையில் வைத்து, சுற்றிச் சுற்றி உருட்டினார். ஒன்றைக்கூட எடுக்கவில்லை. கடைசியில் பெட்டியோடு குப்பைத் தொட்டியில் போட்டார். கொஞ்ச நேரத்தில் எழுந்து போய் அதை மறுபடி எடுத்தார். மிங்தே அதைப் பிடுங்கித் தன் பையில் வைத்துக்கொண்டு, "மாமா, அக்கா வெளிய வந்ததும் அவங்ககிட்ட கேட்டு வாங்கிக்கங்க" என்றான். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

போன் வந்தபோது மூவரும் எழுந்துவிட்டோம். முடிந்துவிட்டது, நன்றாக இருக்கிறாள். புற்றுநோய்தான். ஆனால் மிகவும் ஆரம்பத்தில், எங்கும் பரவாமல். அந்தப் பகுதியை எடுத்துவிட்டார்கள், மருந்துகூட வேண்டாம், தவறாமல் ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டால் போதும். வீட்டுக்கு வந்தபின் எங்கள் தெருப் பெண்கள் முறைபோட்டுக்கொண்டு, ஆபரேஷன் காயம் சீக்கிரம் ஆறும் என்று கொடுவா மீன் சூப் கொண்டுபோய்க் கொடுத்தோம். இனிமேல் தன்னைப் பார்த்தால் கொடுவா மீன் பயந்து ஓடும் என்று பாவ்ஜு புலம்புகிற அளவுக்குக் கொடுத்தோம்.

யின்ஹுவாவின் மாத்திரை அடுத்த ஆண்டு கேட்காமல் போனது. வேறு மருந்து கொடுத்தார்கள், அதுவும் கொஞ்ச காலம்தான். கடைசி மாதங்களில் பாவ்ஜு மலைக்குப் போய்த் தங்கினாள். பிறந்த வீட்டில் அவள் படுத்தது அதுதான் முதல் தடவை. நான் பார்க்கப் போனபோது அக்காவின் நகக்கண்ணுக்கு மருந்து தடவிக்கொண்டிருந்தாள். சிப்பிக் கத்தி பிடித்துக் காய்த்துப்போன கை, பஞ்சைப் பிடித்திருப்பதே தெரியாமல் பிடித்திருந்தது.

"என் பின்னாடியே வராத" என்றாள் யின்ஹுவா, ஆக்ஸிஜன் குழாய்க்கு நடுவே.

"நீ கூப்பிட்டா மட்டும் வந்துடுவேனாக்கும்? வர்றதுக்கு எனக்கு வேற வேலையில்ல?"

"வேளா வேளைக்கு ஸ்கேன் எடு."

"எடுக்கறேன். நீ தூங்கு."

அந்த வாரம் அவள் போய்விட்டாள். சாவு வீட்டில் உறவுமுறைப்படி கையில் கட்டும் துக்கத் துணி கொடுக்கும்போது, தத்துப் போனவளுக்கு எந்தத் துணி என்று ஒரு பெரியவர் தயங்கினார். மிங்தே தங்கைகளுக்கான துணியை எடுத்துவந்து அவள் கையில் கட்டிவிட்டான். அவன் கட்டிய முடிச்சு தொளதொளவென்று இருந்தது. அவளே பல்லால் இழுத்து இறுக்கிக்கொண்டாள்.

பெய்ஷான் சோதனைக்கு ஒத்துக்கொள்ள இன்னும் நாளாயிற்று. நாங்கள் யாரும் வற்புறுத்தவில்லை. பாவ்ஜு மட்டும் மகள் போனில் பேசும்போதெல்லாம் சொல்லுக்கு நடுவிலிருக்கும் மூச்சை எண்ணினாள். ஒரு வசந்த காலத்தில் பெய்ஷானே சொல்லிவிட்டு வந்தாள். முடிவு கேட்கும் அறைக்குள் அம்மா வரக் கூடாது என்பது அவளுடைய நிபந்தனை. பாவ்ஜு நடைவழியில் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தன் முடிவுக்காகக் காத்திருந்தபோது அவள் யார் கையையும் பிடிக்கவில்லை.

கதவு திறந்தது. பெய்ஷான் முகத்தைப் பார்த்ததுமே எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

"இருக்கு" என்றாள். "ஸ்கேன்ல ஒண்ணுமில்ல, சுத்தமா இருக்கு. ஆனா அது இருக்கு."

பாவ்ஜு அப்படியே மடங்கிவிட்டாள். "நான் குடுத்தது. நான்தான் குடுத்தேன். என்னை மன்னிச்சிரு."

பெய்ஷான் பக்கத்தில் உட்கார்ந்து மூக்கைத் துடைத்தாள். "இந்தச் சப்ப மூக்கும் நீ குடுத்ததுதான். பள்ளிக்கூடத்துல எவ்வளவு கிண்டல் பண்ணாங்க தெரியுமா? அதுக்கு ஒரு நாளாவது மன்னிப்பு கேட்டிருக்கியா?"

பாவ்ஜு அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பும் நெடுநேரம் நிற்கவில்லை. "குட்டிக்கு?" என்று கேட்டாள்.

"குழந்தைங்களுக்கு இப்ப பாக்கமாட்டாங்களாம்மா. வளந்தப்புறம் அவளே முடிவு பண்ணட்டும். அதுவரைக்கும் தெரியாமலே இருப்போம்."

"தெரியாம எப்படி இருக்கறது?"

"நீ இருந்தியே, அம்பத்தேழு வருஷம்."

தாயும் மகளும் இப்போது ஒரே நாளில் போய் ஸ்கேன் எடுக்கிறார்கள். போகிற வாரம் பாவ்ஜுவுக்குச் சோறு இறங்காது, எல்லோரிடமும் எரிந்து விழுவாள். அந்த வாரம் கொட்டகையில் அவளோடு வாய் கொடுக்கக் கூடாது என்பது எங்களுக்கெல்லாம் தெரியும். முடிவு வந்ததும் பெய்ஷான் எனக்கும் செய்தி அனுப்புவாள். இதுவரை நல்ல செய்திதான். இந்த வருஷத்து முறை வருகிற வியாழக்கிழமை. இன்று காலையிலிருந்து பாவ்ஜு ஒரு வார்த்தை பேசவில்லை. சிப்பிகளை மட்டும் உடைத்துத் தள்ளிக்கொண்டிருக்கிறாள்.